வாரண்டியில் உள்ள பொருள் பழுதானால்: முதல் போனிலிருந்து நுகர்வோர் ஆணையம் வரை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்ப வேலையும் பார்க்கும் கடை என்னுடையது. கஸ்டமர் கேரிடம் பேசிப் பேசி ஓய்ந்துபோனவர்கள் தினமும் யாராவது வருகிறார்கள். "எத்தனையோ தடவை போன் பண்ணிட்டேன்ணே, ஒண்ணும் நடக்கல" என்பார்கள். எந்தத் தேதியில் பேசினீர்கள், கம்ப்ளைன்ட் நம்பர் என்ன, வந்த டெக்னீஷியன் என்ன எழுதிக் கொடுத்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. நியாயம் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. அதைக் காட்டத் தாள்தான் இல்லை.

கீழே உள்ள வரிசைக்குக் காரணம் இதுதான்: ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் எண்ணோ தாளோதான் அடுத்த படிக்கு வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் பிறகு அந்த இடத்துக்கே திரும்பி வர வேண்டியிருக்கும். பிரிட்ஜை வைத்துச் சொல்கிறேன். வாஷிங் மெஷின், டிவி, மொபைல், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

1. போன் செய்வதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் பில். பல கடைகளில் பில் வெப்பத்தில் அச்சாகும் தாளில்தான் வருகிறது. சில மாதங்களில் அதன் எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்யக் கொண்டுவருகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், மெஷின் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், மொபைலில் ஒரு போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். மொபைல் தொலைந்தாலும் மெயிலில் இருக்கும்.

பில் தொலைந்துவிட்டதா? வாங்கும்போது கொடுத்த மொபைல் எண்ணைச் சொன்னால் கணினியில் பில் போடும் கடைகளில் மறுபடி எடுத்துக் கொடுப்பார்கள். மாதத் தவணையில் எடுத்திருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் கணக்கு அறிக்கையும், கார்டிலோ யுபிஐயிலோ கட்டியிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் உதவும்.

அடுத்து மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கர். பிரிட்ஜில் அது உள்பக்கச் சுவரிலோ பின்புறமோ இருக்கும். அதைப் போட்டோ எடுங்கள். கம்பெனியின் கணினியில் உங்கள் பொருளைத் தேடுவது இந்த எண்ணை வைத்துத்தான்.

வாரண்டி கார்டைப் பொறுமையாகப் படியுங்கள். "10 வருட வாரண்டி" என்று விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும்தான். மற்ற பாகங்களுக்கு ஒரு வருடம் என்று உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். அதற்குப் பிறகு கம்ப்ரசர் இலவசமாக வந்தாலும் கேஸ் நிரப்புவதற்கும் வேலைக்கும் வந்துபோவதற்கும் பணம் கேட்பார்கள். இது முன்பே தெரிந்தால் எதற்குச் சண்டை போடலாம், எதற்குக் கூடாது என்று புரியும்.

பிழைப்புக்கு வாங்கிய பொருள் என்றால் ஒரு விஷயம். மாவு அரைத்து விற்கும் அக்கா வாங்கிய கிரைண்டர், வீட்டில் துணி தைப்பவர் வாங்கிய மெஷின் இதெல்லாம் வியாபாரப் பொருள், நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று வாரண்டி கார்டில் நிபந்தனை இருந்தால் கம்பெனி அதைக் காட்டி மறுக்கும். அதனால் வாங்கும்போதே, தொழிலுக்கு ஏற்ற மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

2. சரியான நம்பரை எடுப்பது

நெட்டில் தேடி, மேலே வரும் முதல் நம்பருக்கு அடிக்காதீர்கள். கம்பெனி பெயரிலேயே போலி கஸ்டமர் கேர் நம்பர்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் இருப்பவர் கனிவாகப் பேசுவார். பதிவுக் கட்டணம் 10 ரூபாய் அனுப்புங்கள் என்பார், அல்லது ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார். உங்கள் மொபைல் திரையை அவர் பார்ப்பதற்கான ஆப் அது. அதற்குப் பிறகு நீங்கள் அடிக்கும் யுபிஐ பின் எண் அவருக்கும் தெரியும்.

நம்பரை வாரண்டி கார்டிலிருந்தோ பொருளின் மேல் உள்ள ஸ்டிக்கரிலிருந்தோ எடுங்கள். உண்மையான கஸ்டமர் கேர் புகார் பதிவு செய்யத் திரையைப் பகிரச் சொல்லாது. ரீஃபண்ட் வாங்க பின் எண் அடிக்கவோ க்யூஆர் ஸ்கேன் செய்யவோ தேவையே இல்லை, அதெல்லாம் பணம் அனுப்புவதற்கு. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

3. புகாரைப் பதிவு செய்வது

கம்பெனிக்கு வாட்ஸ்அப்போ ஆப்போ இருந்தால் போனைவிட அதில் பதிவு செய்வது மேல். சொன்னது எழுத்தில் தேதியோடு நிற்கும். போனில்தான் பேச முடியும் என்றால், வைப்பதற்கு முன் கம்ப்ளைன்ட் நம்பரை வாங்குங்கள். எஸ்எம்எஸ் வரும் என்பார்கள். வராமலும் போகும், அதனால் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன கோளாறு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "கம்ப்ரசர் போயிடுச்சு" என்றால் அவர் கம்ப்ரசர் என்று பதிந்துவிடுவார். வந்து பார்த்தால் வேறு கோளாறாக இருக்கும், பாகம் கையில் இருக்காது, இன்னொரு நாள் போகும். "மேலே ஐஸ் கட்டுகிறது, கீழ் அறையில் பால் திரிந்துபோகிறது, நாலு நாளாக இப்படி" என்று சொல்லுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறு என்றால் வரும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். டெக்னீஷியன் முன்னால் அது ஒழுங்காக ஓடிக் காட்டும்.

நம் பகுதியில் முகவரிதான் பெரிய சிக்கல். ஒரே தெருவில் பழைய எண், புதிய எண் இரண்டும் புழக்கத்தில் இருக்கும். இரண்டையும் சொல்லுங்கள், பக்கத்தில் உள்ள கோயிலையோ பள்ளியையோ அடையாளமாகச் சொல்லுங்கள். தண்டையார்பேட்டை 600081, ராயபுரம் 600013, வியாசர்பாடி 600039 என்று பின்கோடு சரியாக இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். பின்கோடு தவறினால் புகார் வேறு ஏரியா சர்வீஸ் சென்டருக்குப் போய், அங்கிருந்து மாறி வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

வாரண்டி முடியச் சில நாளே இருக்கிறது என்றால் அன்றே பதிவு செய்யுங்கள். பழுது வாரண்டி காலத்தில் வந்தது என்பதற்கு அந்தப் பதிவுத் தேதிதான் சாட்சி.

4. டெக்னீஷியன் வரும் நாள்

பெரும்பாலான புகார்கள் கெட்டுப்போவது இந்த நாளில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஓடிபி. வேலை முடிந்ததும் உங்கள் மொபைலுக்கு ஒரு எண் வரும், அதை டெக்னீஷியன் கேட்பார். அதைச் சொன்னால் கம்பெனியின் கணினியில் "பழுது நீக்கப்பட்டது, வாடிக்கையாளர் திருப்தி" என்று புகார் மூடப்படும். பார்ட்ஸ் வரவில்லை, ரெண்டு நாளில் வருகிறேன், இப்போது ஓடிபி மட்டும் சொல்லுங்கள் என்பார் சிலர். பாவம், அவருக்கும் அன்றைய கணக்கை முடிக்க வேண்டிய நெருக்கடி இருக்கிறது. ஆனாலும் சொல்லாதீர்கள். மூடிய புகாரைத் திறக்க முடியாது, புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும். அப்புறம் ஒரே பழுது தீராமல் கிடந்தது என்பது மறைந்து, தனித்தனியாக வந்த பழுதுகள் எல்லாம் தீர்ந்துவிட்டதாகக் கணக்கில் தெரியும். "வேலை முடிஞ்சு ஒரு நாள் ஓடட்டும் தம்பி, நானே போன் பண்ணிச் சொல்றேன்" என்று தன்மையாகச் சொன்னால் போதும்.

இரண்டாவது ஜாப் ஷீட். தாளாகவோ மொபைலில் லிங்காகவோ வரும். வந்த தேதி, என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றினார் என்று அதில் இருக்க வேண்டும். தாளாக இருந்தால் உங்கள் நகலை வாங்குங்கள், இல்லையென்றால் அவர் திரையை ஒரு போட்டோ எடுங்கள். "சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே "பழுது தொடர்கிறது" என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். தமிழில் எழுதலாம்.

மூன்றாவது, வாரண்டி பொருந்தாது என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இங்கே அடிக்கடி வரும் காரணங்கள் இரண்டு: துரு, வோல்டேஜ். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெளித்தகட்டில் துரு இருப்பதற்கும் உள்ளே உள்ள சர்க்யூட் போர்டு வேலை செய்யாததற்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதச் சொன்னதும் பலர் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன்.

வோல்டேஜ்தான் காரணம் என்றால், வீட்டில் லைட் மங்குவதும் பளிச்சென எரிவதும் உண்மையாகவே நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அடித்துத் தனியாக ஒரு புகார் எண் வாங்குங்கள். அதைச் சரிசெய்யாமல் புது போர்டு போட்டாலும் அதுவும் போகும். அப்படி எதுவும் இல்லை, வேறு எந்தப் பொருளும் கெடவில்லை என்றால் அதையும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நான்காவது, ஆள் வராமலேயே "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று பதிவாவது. மழை பெய்து கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி பக்கம் வர வேண்டியவர் வரமாட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழி உங்கள் கணக்கில் ஏறக்கூடாது. அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன், யாரும் அழைக்கவில்லை என்று அன்று மாலையே வாட்ஸ்அப்பில் எழுதி, மொபைலில் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

பணம் கேட்டால் முதலில் எஸ்டிமேட், கொடுத்தால் கம்பெனி ரசீது. தனிப்பட்ட யுபிஐக்கு அனுப்பிய பணத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது.

5. பேச்சை நிறுத்தி எழுத்துக்கு மாறுவது

ஒரே பழுது இரண்டாம் முறை வந்தாலோ, சொன்ன தேதியில் வேலை நடக்காவிட்டாலோ போன் செய்வதை நிறுத்துங்கள். ஒவ்வொரு போனிலும் புதிய ஒருவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். மெயில் அப்படியில்லை, முழுக் கதையும் ஒரே இடத்தில் இருக்கும்.

கம்பெனியின் இணையதளத்தில் குறைதீர் அதிகாரியின் மெயில் முகவரி இருக்கும். அவருக்கும் கஸ்டமர் கேருக்கும் வாங்கிய கடைக்கும் ஒரே மெயிலாக அனுப்புங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கடையில் நான் தட்டச்சு செய்து கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இந்தத் தேதியில், இந்தக் கடையில், இந்த எண்ணுள்ள பில்லில் ரூ. … கொடுத்து இந்த மாடல் பிரிட்ஜை வாங்கினேன். சீரியல் எண் …. இந்தத் தேதியிலிருந்து கீழ் அறை குளிரவில்லை. புகார் எண்கள் …. இந்தத் தேதிகளில் டெக்னீஷியன் வந்தார், ஜாப் ஷீட் இணைத்துள்ளேன். பாகம் மாற்றிய பின்னும் அதே பழுது தொடர்கிறது. இந்த மெயில் கிடைத்த 15 நாட்களுக்குள் முழுமையாகச் சரிசெய்யவும். முடியாவிட்டால் புதிய பிரிட்ஜ் தரவும்."

இவ்வளவுதான். திட்ட வேண்டாம், வீட்டில் படும் பாடு எல்லாவற்றையும் எழுதவும் வேண்டாம். படிப்பவருக்குத் தேவை தேதி, எண், என்ன கேட்கிறீர்கள் என்பது மட்டும். கடைசியில் கெடு இல்லாத மெயிலுக்குப் பதில் வராது.

இந்தக் கட்டத்தில் பலர் கோபத்தில் டியூ கட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உங்களுக்குக் கடன் கொடுத்தது பைனான்ஸ் கம்பெனி, பிரிட்ஜ் செய்தது வேறொருவர். டியூ நின்றால் அபராதம் ஏறும், கடன் மதிப்பெண் குறையும், நாளை பிள்ளையின் படிப்புக் கடனுக்குப் போய் நிற்கும்போது அது குறுக்கே வரும். பிரிட்ஜ் கம்பெனிக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

6. 1915

கெடு முடிந்தும் பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் பதியலாம். பில், ஜாப் ஷீட், மெயில் எல்லாவற்றையும் இணைக்க முடியும் என்பதால் அவர்களுடைய இணையதளத்தில் போடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

இவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். அப்படியானால் எதற்கு என்று கேட்பீர்கள். பெரிய கம்பெனிகள் இந்தப் புகார்களைப் பார்ப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. கஸ்டமர் கேரில் நீங்கள் எட்ட முடியாத அதிகாரியின் மேசைக்கு இது போகும். பல பிரச்சினைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

நேராக 1915-க்குப் போவதுதான் தவறு. கம்பெனியில் புகார் செய்தீர்களா, எண் என்ன என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பேங்க் சம்பந்தமான குறை என்றால் வழி வேறு. பேங்கிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

7. நோட்டீஸ்

ஆணையத்துக்குப் போவதற்கு முன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. இருந்தாலும் அனுப்புங்கள். முன்பு அனுப்பிய மெயிலையே தாளில் அடித்து, இத்தனை நாளில் தீர்க்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன் என்று ஒரு வரி சேர்த்து, கம்பெனிக்கும் கடைக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் போதும். வக்கீல் அனுப்ப வேண்டும் என்பதில்லை. தபால் ரசீதையும் டெலிவரி ஆனதற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

8. மாவட்ட நுகர்வோர் ஆணையம்

நமக்குரியது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், பார்க் டவுனில் இருக்கிறது. கம்பெனியின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும் கவலை வேண்டாம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும்.

கெடு இரண்டு வருடம். பழுது வந்து, கம்பெனி மறுத்ததிலிருந்து நாள் ஓடத் தொடங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயில் அனுப்பிக்கொண்டே இருப்பதால் அது நீளாது. இப்போ பண்ணித் தர்றோம் என்ற பேச்சை நம்பி இரண்டு வருடத்தைத் தாண்டியவர்கள் வரும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டித் தனியாக மனு போட வழி உண்டு, ஆனால் அதை ஏற்பது ஆணையத்தின் முடிவு.

நேரில் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். முன்பிருந்த இ-தாக்கில் தளத்துக்குப் பதிலாக 2025-ல் வந்தது இது. மனுவில் நடந்ததைத் தேதி வரிசையில் பத்தி பத்தியாக எழுதி, ஒவ்வொரு பத்திக்கும் எந்த ஆவணம் சாட்சி என்று எண் போடுங்கள். மேலே சேர்த்த தாள்கள் எல்லாம் இங்கே வந்து நிற்கும். மனுவில் சொன்னது உண்மை என்று பிரமாணப் பத்திரமும் வேண்டும்.

எதிர்த்தரப்பில் கடையை மட்டும் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. தயாரித்த கம்பெனி, விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூவரையும் போடுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர்கள் அவரைக் கைகாட்டுவார்கள்.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். பிரிட்ஜ் விலை, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. 20,000 ரூபாய் பிரிட்ஜுக்கு 10 லட்சம் கேட்டால் மற்ற கோரிக்கைகளின் மதிப்பும் குறைந்துபோகும்.

வழக்கை ஏற்றதும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் அவகாசம் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-ல் சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீஸ் எந்தத் தேதியில் அவர்களுக்குக் கிடைத்தது என்பதைக் குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இன்னும் நாளாகும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். வாய்தா தேதியைத் தவறவிடாதீர்கள், நீங்கள் வராவிட்டால் வழக்கையே தள்ளுபடி செய்ய முடியும்.

அதுவரை அந்த பிரிட்ஜை வெளி மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள், பழைய சாமான் கடைக்குப் போடவும் வேண்டாம். சோதனைக்குக் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான். வீட்டில் இடம் இல்லை என்பது தெரியும். ஓரமாகத் துணி போட்டு மூடி வையுங்கள்.

9. கம்பெனி சமாதானத்துக்கு வந்தால்

நோட்டீஸ் போன பிறகு கம்பெனியிலிருந்து ஒருவர் போனில் அழைப்பார். புதுப் பொருள் தருகிறோம், அல்லது பணம் தருகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்பார். நியாயமாக இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள், வருடக்கணக்கில் அலைவதைவிட அது மேல். ஆனால் சொன்னதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். புதுப் பொருளுக்குப் புதிதாக வாரண்டி உண்டா, பழைய வாரண்டியின் மீதி நாட்கள் மட்டும்தானா என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். பழையதைத் தூக்கிக்கொண்டு போகும் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும்.

புதுப் பெட்டியை டெலிவரி ஆள் முன்பாகவே பிரித்து, சீரியல் எண் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, ஓடவிட்டுப் பாருங்கள். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் அதன் பிறகுதான் கையெழுத்து. பணமாக வருகிறது என்றால் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாபஸ் மனுவைக் கொடுங்கள்.